மலிவுச் சீட்டும் மறைவுக் கட்டணமும்

(மூன்றாமாண்டு இளங்கலைப் பொருளியல் மாணவன்)

‘மலிவு’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்கு மயங்காதவர் உலகில் எவரும் இலர். துணிக்கடையில் தள்ளுபடி என்றால் கூட்டம் தெருவரை நிற்கிறது. சந்தையில் ‘கூறு இருபது ரூபாய்’ என்று கூவினால் கையிலுள்ள கூடை தானாகவே அந்தப் பக்கம் திரும்புகிறது. இதில் தவறில்லை. வரவு குறைந்தவன் மலிவைத் தேடுவது அவன் குற்றமன்று. வாழ்க்கை அவனுக்குக் கற்றுத் தந்த கணக்கு அது. ஆனால் மலிவு என்று கூவி அழைத்துவிட்டு, உள்ளே வந்தபின் கதவைச் சாத்திக்கொண்டு வேறு விலை சொல்லும் வாணிகம் ஒன்று வளர்ந்து வருகிறது. தரையில் வளர்ந்தது போதாதென்று அது வானத்திலும் ஏறிவிட்டது. குறைந்த கட்டண விமானங்கள் வாங்கும் சாமான் கட்டணத்தையும், அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் மறைவுக் கட்டணங்களையும் பற்றி என் கருத்தை இக்கட்டுரையில் சொல்ல விழைகிறேன்.

‘விமானத்தில் பறப்பவர் செல்வர். அவர் கவலை அரசு கலைக் கல்லூரி மாணவனுக்கு எதற்கு?’ என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். ஓராண்டுக்கு முன் கேட்டிருந்தால் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன். எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி என் எண்ணத்தை மாற்றிவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக் கதை

என் தந்தையார் கொத்தனார். தாயார் வீட்டு வேலையோடு இரண்டு கறவை மாடுகளையும் பார்த்துக்கொள்பவர். அக்காள் திருமணமாகித் தில்லியில் இருக்கிறாள். அத்தான் அங்கே ஓர் அலுவலகத்தில் எழுத்தர். சென்ற ஆண்டு அக்காளுக்குத் தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம். மருத்துவர் நெடும்பயணம் கூடவே கூடாது என்று தடுத்துவிட்டதால், தாய்வீடே தில்லிக்குப் போவது என்று முடிவாயிற்று. இன்னும் நாள் இருக்கிறது என்று நாங்கள் இருந்தபோது, உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று தகவல் வந்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரசில் காத்திருப்போர் பட்டியல் நீண்டு கிடந்தது. கிடைத்தாலும் முப்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். “விமானத்திலேயே வந்துவிடுங்கள் மாமா, இப்போதெல்லாம் மலிவுதான்” என்றார் அத்தான்.

சீட்டைப் பதிவு செய்யும் பொறுப்பு என்னுடையதாயிற்று. கைப்பேசியில் தேடினேன். ஒருவருக்கு 4,599 ரூபாய் என்று பெரிய எழுத்தில் ஒரு விலை தெரிந்தது. இருவருக்கும் 9,198 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டு அப்பாவிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். அடுத்த பக்கத்தில் இருக்கைப் படம் வந்தது. அம்மாவுக்கு விமானம் என்றாலே அச்சம். அப்பா பக்கத்தில் இருந்தாக வேண்டும். அருகருகே இரண்டு இருக்கைகளைத் தொட்டேன். 700 ரூபாய் ஏறியது. அடுத்த பக்கத்தில் பயணக் காப்பீடு என்று ஒன்று, நான் கேட்காமலே சேர்க்கப்பட்டிருந்தது, தேடிப்பிடித்து நீக்கினேன். கடைசிப் பக்கத்தில் ‘வசதிக் கட்டணம்’ என்று மேலும் 700 ரூபாய். யாருடைய வசதிக்கு என்று அதில் எழுதவில்லை! ஆகமொத்தம் 10,598 ரூபாய். 9,198 என்று தந்தையிடம் சொன்ன வாய் இப்போது வேறு தொகையைச் சொல்லக் கூசியது.

அம்மா மூட்டை கட்டத் தொடங்கினார். பிரசவ லேகியம், பூண்டு, சுக்கு, பெருங்காயம், வறுத்து அரைத்த உளுந்து மாவு, பனைவெல்லம், குழந்தைக்குத் தூளி கட்டத் துவைத்துத் துவைத்து மெத்தென்றான நூல் சேலைகள் இரண்டு என்று பைகள் நிறைந்தன. தெருமுனை மாவு மில் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒரு பை 18 கிலோ, மற்றொன்று 17 கிலோ. சீட்டிலே ஒருவருக்கு 15 கிலோ என்று போட்டிருந்தது. இருவருக்கும் 30, எங்களிடம் 35. “அஞ்சு கிலோதானே, கேட்டா அம்பதோ நூறோ குடுத்துக்கலாம்” என்றார் அப்பா. அவருக்குத் தெரிந்த சாமான் கட்டணம் பேருந்து நடத்துநர் கிழித்துக் கொடுக்கும் சீட்டு மட்டுமே. எனக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சென்னை விமான நிலையத்தில் பயணச் சீட்டு இல்லாத நான் வாயிலோடு நின்றுவிட்டேன். சற்று நேரத்தில் அப்பாவிடமிருந்து தொலைபேசி. கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு 600 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 3,000 ரூபாய், அதற்கு மேல் வரி என்கிறார்களாம். நேற்றே வலைத்தளத்தில் வாங்கியிருந்தால் கிலோவுக்கு 450 ரூபாயாம். இப்போது வாங்கலாமா என்று கேட்டால், விமானம் புறப்படச் சில மணி நேரம் இருக்கும்போதே அந்த வழி அடைபட்டுவிடுமாம். பின்னால் வரிசை நீண்டு நிற்கிறது. கவுண்டரில் இருந்த பெண் கடிந்து ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் தம் கடமையைத்தான் செய்தார். ஆனால் அம்மா அந்தப் பளபளக்கும் தரையில் உட்கார்ந்து, பத்துப் பேர் பார்க்கப் பையைப் பிரித்தார். லேகியத்தையும் சேலைகளையும் விடமாட்டேன் என்றார். பனைவெல்லமும் உளுந்து மாவுமாக மூன்று கிலோ வெளியே வந்தன. மீதி இரண்டு கிலோவுக்கு வரியோடு 1,260 ரூபாய், தில்லிச் செலவுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து போயிற்று. அப்பாவுக்கு அது ஒன்றரை நாள் கூலி. காவலரிடம் அனுமதி கேட்டு வாயில்வரை வந்து, ஒரு மஞ்சள் பையை என்னிடம் நீட்டினார். “நான்தான் தப்பா கணக்குப் போட்டுட்டேன்” என்றார்.

கிளாம்பாக்கம் வந்து எங்கள் ஊர் அரசுப் பேருந்தில் ஏறினேன். நடத்துநர் பையைப் பார்த்து, “என்ன தம்பி, வெல்லமா? காலடியில வெய்யி” என்றார். சாமான் சீட்டு எதுவும் கிழிக்கவில்லை. வழி நெடுக அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியமே என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. உண்மையில் தவறாகக் கணக்குப் போட்டவர் அவர்தாமா?

ஏழைக்கும் எட்டிய வானம்

குற்றம் சாட்டுமுன் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் எடுத்துரைப்பதே முறை. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாட்டு விமானப் போக்குவரத்து அரசுடைமையாயிற்று. அச்சட்டம் 1994-இல் நீக்கப்படும்வரை உள்நாட்டு வானம் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்நாளில் கொத்தனார் ஒருவர் விமானத்தைத் தலை நிமிர்ந்து பார்க்கலாம். ஏறிப் பார்க்க இயலாது. 2003-இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி இந்நிலையை மாற்றினார். அவர் வாழ்க்கையைத் தழுவியே 2020-இல் ‘சூரரைப் போற்று’ திரைப்படம் வந்தது. உணவு வேண்டுமா, காசு கொடுத்து வாங்கிக்கொள். வேண்டாமா, அந்தக் காசு உனக்கு மிச்சம் என்பது அவர் கொள்கை. ஒரு ரூபாய்க்குக்கூடச் சீட்டு விற்ற நிறுவனம் அது. 2005-இல் ஸ்பைஸ்ஜெட்டும் 2006-இல் இண்டிகோவும் அதே வழியில் பறக்கத் தொடங்கின.

இந்த வாணிகம் எளிதானதுமன்று. எரிபொருளே செலவில் பெரும்பங்கை விழுங்குகிறது. ஏர் டெக்கான் கிங்ஃபிஷரோடு இணைந்து மறைந்தது. கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019-இலும், கோ ஃபர்ஸ்ட் 2023-இலும் சிறகொடிந்து தரையில் நின்றன. விமானத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் எரிபொருளைத் தின்னும் என்பதும் உண்மையே. வெறுங்கையோடு போகிறவன், மூட்டையோடு போகிறவனுக்காக ஏன் பணம் கட்ட வேண்டும் என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே சாமானுக்குத் தனிக் கட்டணம் வாங்குவதே பாவம் என்று நான் வாதாடவில்லை. குறைந்த கட்டண விமானம் இல்லையென்றால் என் தாயார் உரிய நேரத்தில் தில்லி போய்ச் சேர்ந்திருக்கவே மாட்டார். நன்றி மறப்பது நன்றன்று என்பதை அறிவேன்.

என் வழக்கு வேறு. கட்டணம் வாங்குங்கள், ஆனால் அதை எப்போது சொல்கிறீர்கள், யாரிடம் அதிகம் வாங்குகிறீர்கள் என்பதே என் கேள்வி.

எடைக்கா, அறியாமைக்கா?

இங்கே பள்ளிக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர், 15 கிலோ பையையும் 7 கிலோ கைப்பையையும் எடுத்துச் செல்கிறார். மொத்தம் 82 கிலோ. அவர் கொடுத்த சீட்டு விலை 4,599 ரூபாய். கிலோவுக்கு ஏறத்தாழ 56 ரூபாய் ஆகிறது. இந்தத் தொகைக்குள் இருக்கை, பணியாளர், வரி எல்லாம் அடக்கம். அடுத்த ஒரு கிலோ ஏறும்போது மட்டும் விலை 600 ரூபாய் ஆகிவிடுகிறது. பத்து மடங்குக்கும் மேல்! என் தாயார் கொண்டுபோன பனைவெல்லத்தின் விலையைவிட அதைச் சுமக்கும் கூலி அதிகம்.

இதையும் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது அடுத்தது. முதல் நாள் இரவு வலைத்தளத்தில் வாங்கினால் 450 ரூபாய். மறுநாள் கவுண்டரில் 600 ரூபாய். இரவில் ஒரு கிலோவாக இருந்த வெல்லம் காலையிலும் ஒரு கிலோவாகத்தானே இருந்தது? தராசு மாறவில்லை, விமானம் மாறவில்லை, எரிபொருளும் மாறவில்லை. அப்படியானால் அந்த 150 ரூபாய் எதற்கு? முன்கூட்டியே தெரிந்தால் எடையைத் திட்டமிட வசதி, வரிசையில் நேரம் மிச்சம் என்று நிறுவனத்தார் கூறுவர். ஓரளவுக்கு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இந்த வேறுபாட்டைக் கொடுப்பவர் யார் என்று பாருங்கள். மாதம் இருமுறை பறக்கும் அதிகாரி ஒருநாளும் கொடுப்பதில்லை. அவருக்கு விதி தெரியும். வீட்டில் எடை பார்க்கும் கருவி இருக்கும். கொடுப்பவர் முதன்முறை விமானம் ஏறும் கிழவி. தம்பியின் திருமணத்துக்குச் சீர்வரிசையோடு வரும் தொழிலாளி. ஆங்கிலத்தில் எழுதிய விதிமுறையைப் படிக்க இயலாத கொத்தனார். ஆக, எடைக்கு வாங்கும் கட்டணத்தின் உள்ளே அறியாமைக்கு விதிக்கும் வரி ஒன்று ஒளிந்திருக்கிறது. வரி என்பது இருப்பவனிடம் கூடுதலாகவும் இல்லாதவனிடம் குறைவாகவும் வாங்கப்பட வேண்டும் என்று வகுப்பறையில் படிக்கிறோம். இந்த வரியோ தலைகீழாக நடக்கிறது.

இரயில்வேயைப் பாருங்கள். படுக்கை வசதியுள்ள இரண்டாம் வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோ சாமான் இலவசம். குளிர்பதன முதல் வகுப்பில் 70 கிலோ. அங்கும் வரம்பு உண்டு. மிஞ்சினால் கட்டணமும் உண்டு. ஆனால் காட்டிய கட்டணம் ஒன்று, கட்டிய கட்டணம் மற்றொன்று என்று பயணி திகைப்பது அங்கே அரிது. என் பெற்றோர் இரயிலில் போயிருந்தால் 80 கிலோ கொண்டுபோயிருக்கலாம். விமானம் அத்தனை எடையைச் சுமக்க முடியாது, அது வேறு. விலையை முன்கூட்டிச் சொல்வதற்கு எந்த எரிபொருளும் செலவாகாதே!

சொட்டுச் சொட்டாக ஒரு விலை

இத்தகைய விற்பனை முறைக்கு ஆங்கிலத்தில் ‘டிரிப் பிரைசிங்’ என்று பெயர். குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுவதுபோல, முழு விலையை ஒருமுறை சொல்லாமல் துளித்துளியாக வெளிப்படுத்துவது. முதல் பக்கத்தில் சிறிய தொகை. பெயர், வயது, தொலைபேசி எண் எல்லாம் நிரப்பி அரை மணி நேரம் செலவழித்தபின் கடைசிப் பக்கத்தில் பெரிய தொகை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி வேறு நிறுவனத்தில் முதலிலிருந்து தொடங்குவானேன் என்ற அலுப்பே அவர்களுக்கு முதல். விமான நிலையக் கவுண்டரில் இது உச்சத்தை அடைகிறது. அங்கே நிற்பவன் திரும்பிப் போக முடியாது. சீட்டுப் பணம் போய்விடும். மகளின் பிரசவமோ காத்திராது. பேரம் பேச முடியாத இடத்தில் சொல்லப்படும் விலையைச் சந்தை விலை என்று எந்தப் பொருளியல் நூலும் ஏற்காது.

நிறைவுப் போட்டி நிலவ வேண்டுமானால் வாங்குபவருக்கு விலை பற்றிய முழு அறிவு வேண்டும் என்பது எங்களுக்கு முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் பாடம். ஒரு நிறுவனம் எல்லாவற்றையும் சேர்த்து 5,500 என்று நேர்மையாகச் சொல்கிறது. மற்றொன்று 4,599 என்று காட்டிக் கடைசியில் 6,000 வாங்குகிறது. மக்கள் எதன் பக்கம் போவார்கள்? பொய்யான மலிவின் பக்கமே போவார்கள். அதைக் கண்டு நேர்மையான நிறுவனமும் அடுத்த மாதம் தன் விலையைத் துண்டு போடத் தொடங்கும். நல்லவனையும் கெடுத்துவிடுவதே இம்முறையின் பெருங்கேடு.

கடல் கடந்த நாடுகளில்

இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் ரையன்ஏர் நிறுவனம் 2006-இல் சரக்கறையில் ஏற்றும் பைக்குத் தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அமெரிக்காவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2008-இல் முதல் பைக்கே 15 டாலர் என்றது, மற்றவை பின்தொடர்ந்தன. ‘எங்களிடம் பைகளுக்குக் கட்டணம் இல்லை’ என்று பல்லாண்டுகள் விளம்பரம் செய்து பெயர் பெற்ற சவுத்வெஸ்ட் நிறுவனமும் 2025 மே மாதம் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. துண்டு போடும் முறை நல்லவர்களையும் இழுத்துவிடும் என்று மேலே சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2024 நவம்பரில் அமெரிக்க மேலவையின் துணைக்குழு ஒன்று அறிக்கை வெளியிட்டது. ஐந்து விமான நிறுவனங்கள் 2018 முதல் 2023 வரை இருக்கைக் கட்டணமாக மட்டும் 1,240 கோடி டாலர் ஈட்டியிருந்தன. அதைவிட வியப்பான செய்தி வேறொன்று உண்டு. ஸ்பிரிட், ஃபிரான்டியர் என்னும் இரு குறைந்த கட்டண நிறுவனங்கள், விதியை மீறிய பையோடு வருவோரைப் பிடித்துக் கட்டணம் வசூலிக்கும் வாயில் பணியாளர் முதலியோருக்கு 2022, 2023 ஆகிய ஈராண்டுகளில் 2 கோடியே 60 இலட்சம் டாலர் ஊக்கத்தொகை கொடுத்திருந்தன. பயணியின் பிழையைத் திருத்த ஊக்கத்தொகை இல்லை. பிழையைப் பிடிக்க உண்டு! பயணி தவறு செய்ய வேண்டும் என்று காத்திருக்கும் வாணிகத்தை என்னென்பது?

ஆயினும் அங்கே நீதியின் குரலும் எழாமல் இல்லை. இறுதி விலையையே முதலில் காட்ட வேண்டும். விருப்பச் சேவைகளைப் பயணி தானே தேர்ந்தெடுத்தாலன்றிச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2008-ஆம் ஆண்டிலேயே விதி வகுத்தது. 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அருமையான ஒரு வேறுபாட்டைக் காட்டியது. சரக்கறையில் ஏற்றும் பைக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம். ஆனால் நியாயமான எடையும் அளவும் கொண்ட கைப்பை பயணத்தின் இன்றியமையாத பகுதி. அதற்குக் கூடுதல் கட்டணம் கூடாது என்பதே அது. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு, கைப்பைக் கட்டணம் உள்ளிட்ட முறைகேடுகளுக்காக ஐந்து நிறுவனங்களுக்கு மொத்தம் 17 கோடியே 90 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்காடின. வழக்கு எவ்வாறு முடியினும், ஓர் அரசு கேட்டது என்பதே நமக்குப் பாடம்.

நம் நாட்டில்

நம் நாட்டில் நடந்தது என்ன? ஒரு காலத்தில் உள்நாட்டு விமானங்களில் 20 கிலோ இலவசம். 2013-இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இருக்கைத் தேர்வு, உணவு, சாமான் முதலியவற்றுக்குத் தனித்தனியே கட்டணம் வாங்க நிறுவனங்களுக்கு இசைவளித்தது. அதனை ஒட்டித் தனியார் நிறுவனங்களின் இலவச வரம்பு 15 கிலோவாகச் சுருங்கியது. 2016-இல் அதே இயக்குநரகம், 15 கிலோவுக்கு மேல் 20 கிலோவரை கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று ஆணையிட்டது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2017-இல் தில்லி உயர் நீதிமன்றம் அவ்வாணையை நீக்கிவிட்டது. அந்த ஆணை நிலைத்திருந்தால் என் தந்தை ஐந்து கிலோவுக்கும் 500 ரூபாயும் வரியும் கொடுத்திருப்பார். அம்மா தரையில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. 2021-இல் சரக்கறைச் சாமான் இல்லாமல் பயணம் செய்வோருக்குக் குறைந்த விலைச் சீட்டு விற்கவும் அனுமதி வந்தது. அந்தச் சீட்டைத் தெரியாமல் வாங்கிவிட்டுப் பையோடு வந்து நிற்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நல்லவையும் நடந்திருக்கின்றன. 2018 நவம்பரில் இண்டிகோ நிறுவனம், இணையவழிப் பதிவின்போது தேர்ந்தெடுக்கும் எல்லா இருக்கைகளுக்கும் கட்டணம் என்று அறிவித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. அமைச்சகம் அதனை ஆராய்வதாகச் சொன்னது. 2024-இல், பன்னிரண்டு வயதுவரையுள்ள குழந்தையைப் பெற்றோரில் ஒருவர் அருகிலாவது அமர்த்த வேண்டும் என்று இயக்குநரகம் பணித்தது. தாயையும் சேயையும் சேர்த்து உட்காரவைக்க ஒரு சட்டம் தேவைப்பட்ட காலம் இது! 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாங்குவோரை ஏய்க்கும் 13 வகை இணையத் தந்திரங்களைத் தடைசெய்து நெறிமுறைகளை அறிவித்தது. விலையைச் சொட்டுச் சொட்டாகச் சொல்வதும், கேட்காத காப்பீட்டைக் கூடையில் நுழைப்பதும் அப்பட்டியலில் இருக்கின்றன. விதி இருக்கிறது. அது விமான நிலையக் கவுண்டர்வரை வந்து சேரவில்லை என்பதே குறை.

செய்ய வேண்டியவை

குறை சொல்வதோடு நின்றால் கட்டுரை பாதியில் நின்றதாகும். என் சிற்றறிவுக்கு எட்டிய நான்கு யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, முதல் பக்கத்தில் காட்டும் விலையிலேயே வரியும் வசதிக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும். எவராலும் தவிர்க்க முடியாத தொகையை ‘கூடுதல்’ என்று அழைப்பது மொழிக்கே செய்யும் துரோகம். அதன் பக்கத்திலேயே, சாமான் வரம்பு எத்தனை கிலோ, மிஞ்சினால் கிலோவுக்கு எவ்வளவு என்பதும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு கிலோவுக்கு வீட்டில் ஒரு விலையும் கவுண்டரில் ஒரு விலையும் கூடாது. வேண்டுமானால் ஒரு சிறு பணிக்கட்டணம் வாங்கிக்கொள்ளட்டும். வரம்பை இரண்டு மூன்று கிலோ தாண்டியவருக்கு அடைபட்ட வழியைக் கடைசிவரை திறந்து வைக்கட்டும்.

மூன்றாவது, விதிமுறை பயணியின் தாய்மொழியில் அவர் கைப்பேசிக்கு வர வேண்டும். சென்னையிலும் திருச்சியிலும் மதுரையிலும் விமான நிலைய வாசலுக்கு வெளியே, எவரும் எடை பார்த்துக்கொள்ளும்படி தராசு ஒன்று வைக்கப்பட வேண்டும். வாசலிலேயே எடை தெரிந்திருந்தால், வழியனுப்ப வந்த நானே அந்தப் பைகளைப் பிரித்துக் கட்டியிருப்பேன்.

நான்காவது, பயணியின் பிழையைப் பிடிப்பதற்குப் பணியாளருக்கு ஊக்கத்தொகை தரும் வழக்கம் நம் மண்ணில் முளைக்காதபடி இப்போதே தடுக்க வேண்டும்.

மாணவர் கடமை

அரசும் நிறுவனங்களும் செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இன்று நம் தெருவில் விமானச் சீட்டுப் பதிவு செய்வது யார்? நாம்தாம். வளைகுடாவுக்குப் போகும் அண்ணனுக்கும், மகளைப் பார்க்கப் போகும் பக்கத்து வீட்டு அத்தைக்கும் கைப்பேசியைத் தட்டிக் கொடுப்பவர் கல்லூரி மாணவர்களாகிய நாமே. பெரிய எழுத்தில் உள்ள விலையை மட்டும் படித்துச் சொல்லாமல், சிறிய எழுத்தையும் படித்துத் தமிழில் சொல்வோம். சீட்டு வாங்கும்போதே எத்தனை கிலோ கொண்டுபோகிறீர்கள் என்று கேட்போம். கூடுதல் எடை வேண்டுமென்றால் முதல் நாளே வாங்கித் தருவோம். கேட்காத காப்பீடு நுழைந்திருந்தால் நீக்குவோம். ஏமாற்றம் நேர்ந்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு முறையிடச் சொல்லித் தருவோம். நம் கல்லூரியில் நுகர்வோர் மன்றம் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை உறுதிமொழி எடுப்பதோடு நில்லாமல், இத்தகைய உதவிக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அதன் பெயர் பொருளுடையதாகும்.

அக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். அம்மா கொண்டுபோன சேலையிலேயே தூளி கட்டினார்கள். திரும்பிவந்த பனைவெல்லத்தை நாங்கள் இங்கே காப்பியில் போட்டுக் குடித்துத் தீர்த்தோம். அப்பா மட்டும் இன்றும் அந்த 1,260 ரூபாயைப் பற்றிப் பேச்செழுந்தால், தாம் தவறாகக் கணக்குப் போட்டுவிட்டதாகவே சொல்கிறார். முப்பது ஆண்டுகளாகச் செங்கல்லையும் சிமெண்டையும் தவறின்றிக் கணக்கிட்டுப் பிறருக்கு வீடு கட்டித் தந்தவர் அவர். அவருக்குக் கணக்குத் தெரியும். அவருக்குச் சொல்லப்படாதது விலைதான்.

அந்த விலையை அவருக்கு முதலிலேயே சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். சிந்திப்போமாக!